வீட்டுக்கு ஒரு பற்றறி டிறில்: எண்ணைப் பார்க்க முதல் சுவரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் எந்த ஹாட்வெயார் கடைக்குள் போய் "வீட்டுக்கு ஒரு பற்றறி டிறில் வேணும்" என்று கேட்டாலும் மேசையில் மூன்று நான்கு பெட்டிகள் வந்து இறங்கும். ஒன்றில் 12 வோல்ற், ஒன்றில் 20, ஒன்றில் 21, இன்னொன்றில் 48 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சிலவற்றில் 88 வி.எப். என்று, பௌதிகவியல் படிப்பிக்கிறவருக்கே விளங்காத ஓர் அலகும் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், 48 போட்ட பெட்டி 20 போட்டதைவிட மலிவாக இருக்கும்.

அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று பிறகு பார்ப்போம். அதற்கு முதல் நீங்களே பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மெசினால் எதைத் துளைக்கப் போகிறீர்கள்? உங்கள் வீட்டுச் சுவர் என்ன கல், கதவு நிலை என்ன மரம் என்று தெரிந்தால் பாதித் தெரிவு அங்கேயே முடிந்துவிடும்.

பெயர்களில் உள்ள குழப்பம்

கடையில் எல்லாவற்றையும் "டிறில்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த அலுமாரியில் இருப்பவை நான்கு வேறு மெசின்கள்.

முதலாவது டிறில் டிரைவர். இது சுற்றும், அவ்வளவுதான். மரத்தில், தகரத்தில் துளை போடும்; ஸ்குறூ ஏற்றும், கழற்றும். கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும்.

இரண்டாவது ஹமர் டிறில். பார்க்க முதலாவதைப் போலவே இருக்கும். வளையத்தில் ஒரு சுத்தியல் படம் கூடுதலாக இருக்கும். உள்ளே பல்லு வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவதால், முனையில் பூட்டியிருக்கும் பிற் (துளைக்கும் கம்பி) சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் அதிரும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி விழும், ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சின்ன அடி. நீங்கள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் அந்த அடி சுவரில் இறங்கும்.

மூன்றாவது இம்பக்ற் டிரைவர். மூக்குக் குட்டை. பிற்றை இறுக்கிப் பிடிக்கும் சக் இதில் இல்லை. கால் அங்குல அறுகோண ஓட்டை ஒன்றுதான் இருக்கும். இதுவும் அடிக்கும். ஆனால் சுவரை நோக்கி அடிப்பதில்லை, சுற்றும் திசையில் அடிக்கும். தகரக் கூரைக்கு ஸ்குறூ ஏற்றுகிறவர்கள், இறுகிப்போன நட்டைக் கழற்றுகிறவர்கள் இதை விரும்புவார்கள். "இம்பக்ற் என்றால் அடிக்கும்தானே, கொங்கிறீற்றையும் உடைக்கும்" என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். சுவரில் துளை போட இந்த அடி ஒரு துளியும் உதவாது. கதவுப் பிணைச்சலின் சின்ன ஸ்குறூவில் வைத்தால் தலையைத் துண்டித்துக் கையில் தந்துவிடும்.

நான்காவது றோட்டரி ஹமர், எஸ்.டி.எஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதன் உள்ளே ஒரு பிஸ்ரன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஓர் இரும்புக் குற்றியை எறிந்து பிற்றின் பின்புறத்தில் அடிக்கும். எண்ணிக்கையில் குறைந்த அடி, ஆனால் ஒவ்வொன்றும் கனமான அடி. நீங்கள் தள்ளத் தேவையில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் போதும். ஹமர் டிறில் நிமிடக்கணக்கில் கத்திக்கொண்டு நிற்கும் கொங்கிறீற்றில் இது சில நொடிகளில் போய்விடும். பிற்றும் வேறு: பின்பக்கம் காடி வெட்டிய எஸ்.டி.எஸ் பிற் மட்டுமே இதில் பொருந்தும்.

இங்கத்தைய சுவர், இங்கத்தைய மரம்

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்களிலும் அந்தக் கல்தான், இடையில் சுண்ணாம்புச் சாந்து. இப்படிப்பட்ட சுவரில் கல் ஒரு பிரச்சினையே இல்லை. கல்லுக்குப் போடும் பிற் இருந்தால் சாதாரண மெசினுக்கும் அது வழிவிடும். தொல்லை தருவது சாந்துதான். பிற் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மாவு போலத் தூள் கொட்டினால் நீங்கள் இரண்டு கல்லுக்கு இடையில் இறங்கிவிட்டீர்கள். அங்கே வைக்கும் றோல் பிளக் (ஸ்குறூ பிடிக்கத் துளைக்குள் சொருகும் பிளாஸ்ரிக் குழல்) இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், பாரம் ஏறியதும் மெல்லக் கழன்றுவிடும். இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போடுவதுதான் வழி. எவ்வளவு விலையான டிறிலாலும் அதை மாற்ற முடியாது.

பின்னால் கட்டிய வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல். இது கொங்கிறீற் அளவுக்குக் கடினம் இல்லை. 6 மில்லிமீற்றர் துளை என்றால் சுத்தியலை நிறுத்திவிட்டு வெறும் சுற்றிலேயே முயன்று பாருங்கள், பல சுவர்களில் போய்விடும். உள்ளே பொந்து உள்ள கல் என்றால் சுத்தியல் போடாமல் விடுவதே நல்லது. போட்டால் கல்லின் உட்பக்கம் பெயர்ந்து விழுந்து, பிளக் பிடிக்க இடமில்லாமல் சும்மா சுற்றும்.

இனித்தான் வில்லங்கம். வீட்டில் டிறில் வாங்கியதும் முதலில் செய்ய நினைக்கும் வேலை எது? திரைச்சீலைக் கம்பி போடுவது. அது எங்கே வரும்? யன்னலுக்கு மேலே. யன்னலுக்கு மேலே என்ன இருக்கும்? லிண்டல், அதாவது கம்பி கட்டி வார்த்த கொங்கிறீற். வீட்டில் மிக இலகுவாகத் தோன்றும் வேலை, வீட்டின் மிகக் கடினமான இடத்தில் வந்து நிற்கிறது. சின்னப் பற்றறி டிறிலை அங்கே வைத்தால் பூச்சு கால் அங்குலம் போகும், பிறகு பிற் நின்ற இடத்திலேயே சுற்றிச் சிவந்து போகும். "மெசின் சரியில்லை" என்று கடைக்குத் திரும்பிக் கொண்டுபோவதில் கணிசமான பங்கு இந்த லிண்டலால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மூன்று வழி. கம்பியின் தாங்கியைச் சுவரில் அடிக்காமல் யன்னலின் மர நிலையிலேயே பூட்டிவிடலாம். சின்ன டிறிலுக்கு அது விளையாட்டு. லிண்டல் தொடர்ச்சியாக ஓடாத வீடு என்றால் தாங்கியை இரண்டு பக்கமும் தள்ளிச் சீமெந்துக் கல்லுக்குக் கொண்டுபோகலாம். கம்பி கொஞ்சம் நீளமாக வேண்டும், திரையும் முழுதாக ஒதுங்கும். இரண்டும் சரிவராவிட்டால் றோட்டரி ஹமர் உள்ள மேசனையோ வயரிங் செய்கிறவரையோ கூப்பிட்டு எல்லா யன்னலையும் ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம். அந்தச் சில துளைகளுக்காகப் பெரிய மெசின் வாங்கத் தேவையில்லை.

மரத்துக்கு வருவோம். பழைய வீட்டு நிலைகளில் முதிரையும் பாலையும் இருக்கும். நன்றாகக் காய்ந்த முதிரையில் நேரே ஸ்குறூ ஏற்றப் பார்த்தால் ஒன்றில் ஸ்குறூ முறியும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும். முதலில் ஸ்குறூவின் நடுத்தண்டு அளவுக்கு ஒரு சின்ன வழித்துளை போட வேண்டும். 4 மில்லிமீற்றர் ஸ்குறூவுக்கு 3 மில்லிமீற்றர் பிற் சரி. ஸ்குறூவின் புரியைச் சவர்க்காரக் கட்டியில் ஒருமுறை தேய்த்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஓடாவிமார் காலங்காலமாகச் செய்வது.

பனை ஒரு தனிச் சாதி. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில். பனைக்கு வைரம் வெளியே, மென்மை உள்ளே. பனஞ் சிலாகையின் கறுத்த பக்கத்தில் பிற் முதலில் பிடிக்காது, வழுக்கி ஓடும். ஆணியால் ஒரு தட்டுத் தட்டிச் சின்னக் குழி செய்துவிட்டு, மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். கறுப்பைத் தாண்டியதும் பிற் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போகும், அப்போது கையை இழுத்துப் பிடிக்கத் தயாராக இருங்கள். ஸ்குறூவைப் பிடித்து வைத்திருப்பது அந்த வெளி வைரம் மட்டுமே. ஆகவே மூன்று அங்குல ஸ்குறூ போட்டால் இரண்டு மடங்கு இறுக்கம் என்ற கணக்கு பனையில் செல்லாது.

பற்றறி: காசு இருக்கும் இடம்

பற்றறி டிறில் புதிய சாமான் இல்லை. பிளாக் அண்ட் டெக்கர் முதலாவதை 1961இல் கொண்டுவந்தது, நிக்கல் காட்மியம் பற்றறியோடு. நமக்குத்தான் பிந்தி வந்தது. 1990களில் பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றறி கூட இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. இன்றைக்குப் பற்றறியில் எழுதியிருக்கும் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

இப்போதைய டிறில்கள் லிதியம் அயன். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ற், முழுதாகச் சார்ஜ் ஏறி நிற்கும்போது 4.2. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் பெட்டியில் உள்ளதெல்லாம் தானாக அவிழும். மூன்று செல்லை வரிசையாகக் கோத்தால் 10.8, ஏற்றி எடுத்தவுடன் 12.6. அதைத்தான் 12 வோல்ற் என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18, ஏற்றியவுடன் 21. ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டியில் மூன்று விதமாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். 20 போட்டது 18ஐ விட இரண்டு வோல்ற் பலம் கூடியது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அப்படியானால் 48? பன்னிரண்டு பதின்மூன்று செல்லாவது வரிசையாக வேண்டும். கையில் இருக்கும் பற்றறி உள்ளங்கைக்குள் அடங்கினால் அதற்குள் அத்தனை செல் எங்கே ஒளிந்திருக்கும்? மலிவுப் பெட்டிகளில் வரும் 36, 48, 88 எல்லாம் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான். வீட்டில் மல்ரிமீற்றர் இருந்தால் முழுச் சார்ஜில் அளந்து பாருங்கள், 21க்குக் கிட்ட நிற்கும்.

அடுத்த எண் அம்பியர் மணித்தியாலம், கடை வழக்கில் ஏ.எச். ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்பதை இது சொல்கிறது. வோல்ற்றையும் இதையும் பெருக்கினால் வாற் மணித்தியாலம் வரும்; இரண்டு பற்றறியை நேர்மையாக ஒப்பிட அந்த எண்தான் உதவும். 18 வோல்ற் 2 ஏ.எச் என்றால் 36. 12 வோல்ற் வகை 2 ஏ.எச் என்றால் 10.8ஆல் பெருக்க வேண்டும், 21.6. நல்ல கம்பனிகள் இதைப் பற்றறியின் அடியிலேயே அச்சிட்டிருக்கும்.

ஏ.எச்சிலும் பொய் உண்டு. இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரும்பாலான பற்றறிகளில் உள்ள செல்லின் பெயர் 18650: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். ஒன்று ஏறக்குறைய 45 கிராம். டிறிலுக்கு ஏற்ற வகையில் ஒரு செல் 1.5 முதல் 3 ஏ.எச் வரை தரும். ஐந்து செல்லும் பிளாஸ்ரிக் கூடும் சேர்ந்தால் 350 கிராம் அளவில் வரும். 4 ஏ.எச் வேண்டுமென்றால் வழக்கமாகப் பத்துச் செல். எடை 600 கிராமைத் தாண்டும். ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற தராசு எப்படியும் இருக்கும், பற்றறியைக் கழற்றி அதில் வையுங்கள். "6 ஏ.எச்" என்று எழுதிய சாமான் 350 கிராம் காட்டினால் எழுதியவருக்கு மனச்சாட்சி இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டுக்கு 2 ஏ.எச் பற்றறி இரண்டு இருந்தால், 4 ஏ.எச் ஒன்று வைத்திருப்பதைவிட நிம்மதி. ஒன்று வேலையில், மற்றது சார்ஜில். 2022இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் ஏற்றி வைத்த இரண்டாவது பற்றறியின் அருமை விளங்கும். தகரக் கொட்டிலுக்குள், வெயிலில் நிற்கும் வானுக்குள் பற்றறியைப் போட்டு வைக்காதீர்கள். சூட்டோடு சூடாகச் சார்ஜும் போடாதீர்கள், ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது.

பழைய நிக்கல் காட்மியம் டிறில் ஒன்று அரைவிலைக்கு வந்தால்? வேண்டாம். பற்றறி ஏற்கெனவே களைத்திருக்கும், மாற்றுவதற்குத் தேடித் திரிய வேண்டும்.

முறுக்கும் கிளச்சும்

முறுக்கு விசையை நியூற்றன் மீற்றரில் போட்டிருப்பார்கள். சாதாரண 12 வோல்ற் டிறில்கள் 20 முதல் 30 வரை தரும், சாதாரண 18 வோல்ற் டிறில்கள் 40 முதல் 60 வரை. வீட்டு வேலைக்கு 30 தாராளம். பொஷ்ஷின் 12 வோல்ற் டிறில்கள் சிலவும் அந்த 30தான். இம்பக்ற் டிரைவரில் 100க்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்து ஒப்பிடாதீர்கள், அது அடித்து அடித்துச் சேர்க்கும் முறுக்கு.

எனக்கு இந்த எண்ணைவிட முக்கியமாகத் தெரிவது கழுத்தில் உள்ள கிளச் வளையம். பலர் அதைத் தொடுவதே இல்லை, வாங்கிய நாளிலிருந்து டிறில் படத்திலேயே விட்டிருப்பார்கள். அது என்ன செய்கிறது என்பதை ஒரு பிணைச்சல் பூட்டிப் பார்த்தால் விளங்கும்.

குசினிக் கதவின் பிணைச்சல், முதிரை நிலை, ஒன்றரை அங்குல ஸ்குறூ. 3 மில்லிமீற்றர் வழித்துளை போட்டாயிற்று. மேலே உள்ள கியரை 1இல் வையுங்கள். 1 மெதுவும் பலமும், 2 வேகமும் துளையும். கிளச்சை 5இல் வைத்து, விரலுக்குரிய விசையை (சுவிச்சை) மெல்ல அழுத்துங்கள். ஸ்குறூ பாதி போய் நிற்கும், மெசின் "கிர்ர்ர்" என்று சத்தம் போடும், பிற் சுற்றாது. இது பழுது இல்லை. நீங்கள் வைத்த அளவுக்கு மேல் முறுக்கமாட்டேன் என்று கிளச் விட்டுக்கொடுக்கிறது. 8க்குக் கூட்டுங்கள், இன்னும் கொஞ்சம் போகும். 11இல் தலை பிணைச்சலோடு சமமாக உட்கார்ந்து, அதே கிர்ர் சத்தத்தோடு நிற்கும். அந்த எண் உங்கள் கதவுக்கு, உங்கள் ஸ்குறூவுக்கு உரியது. மீதி ஸ்குறூக்களை அதே எண்ணில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். கிளச் இல்லாமல் ஏற்றினால் தலை மரத்துக்குள் புதையும், அல்லது புரி அரைபட்டு ஓட்டை பெருத்துவிடும், பிறகு நெருப்புக்குச்சி சொருகித்தான் இறுக்க வேண்டி வரும்.

பித்தளை ஸ்குறூ என்றால் இன்னும் கவனம். அது மெத்தென்ற உலோகம், வைரமான மரத்தில் சட்டென்று முறியும். அதே அளவு இரும்பு ஸ்குறூவை முதலில் ஏற்றிக் கழற்றி, வெட்டிய புரியில் பித்தளையைக் கையால் முறுக்குங்கள்.

மற்ற விபரங்களில் அதிகம் மினக்கெட வேண்டாம். சக் 10 மில்லிமீற்றர் போதும், 13 என்றால் தடித்த பிற்றும் பிடிக்கும். பிறஷ்லெஸ் என்றால் மோட்டருக்குள் தேயும் கரித்துண்டு இல்லை. சூடு குறைவு, பற்றறி கூட நேரம் வரும், விலையும் கூட. வீட்டில் எப்போதாவது எடுக்கிறவருக்குக் கரித்துண்டு மோட்டரே வருடக்கணக்கில் ஓடும். அந்த வித்தியாசக் காசுக்கு இரண்டாவது பற்றறி வாங்கலாம்.

எதை வாங்குவது

சீமெந்துக்கல் வீடு, திரைச்சீலை, சாமிப்படம், கதவு, தட்டு, பிள்ளைகளின் மேசை கதிரை, இவ்வளவுதான் வேலை என்றால் 12 வோல்ற் டிறில் டிரைவர், பற்றறி இரண்டு. ஒரு கிலோவைச் சுற்றித்தான் எடை. ஏணியில் ஏறி ஒரு கையால் பிடிக்கலாம், வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். ஹமர் உள்ள 12 வோல்ற்றும் வருகிறது. விலை வித்தியாசம் சின்னது என்றால் எடுங்கள், ஆனால் லிண்டலை நினைத்து எடுக்காதீர்கள்.

கோழிக்கூடு, படலை, தகரப் பந்தல் என்று நீங்களே செய்கிற ஆள் என்றால் 18 வோல்ற் ஹமர் டிறில். அதிலும் பற்றறிக் குடும்பத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பனியின் பற்றறி இன்னொன்றில் ஏறாது. சிலவேளை ஒரே கம்பனிக்குள்ளேயே ஏறாது. மகிற்றாவின் மலிவு வரிசையான 18 வோல்ற் ஜி பற்றறி அவர்களுடைய வழக்கமான 18 வோல்ற் வரிசையான எல்.எக்ஸ்.ரி மெசினில் பொருந்தாது. இன்றைக்கு வாங்கும் டிறிலோடு நாளைக்கு வாங்கப்போகும் கிறைண்டரையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறீர்கள். இங்கோ, ரோட்டல் போன்ற கம்பனிகளின் 20 வோல்ற் வரிசைகளில் விலை கையைக் கடிக்காது; பற்றறி தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் முதலே கேளுங்கள்.

கொங்கிறீற்றில் அடிக்கடி வேலை இருந்தால் என் கருத்து வேறு: சின்னப் பற்றறி டிறில் ஒன்று, அதோடு வயர் போட்ட றோட்டரி ஹமர் ஒன்று. வயர் போட்டது பற்றறியில் ஓடுவதைவிட மலிவு, பற்றறி சாகும் கவலை இல்லை, மூலையில் பத்து வருடம் கிடந்தாலும் பிளக்கில் போட்டவுடன் சுற்றும். எல்லாவற்றையும் ஒரே பற்றறி மெசினில் செய்ய நினைத்தால்தான் பட்ஜெட் பறக்கிறது. வருடத்துக்கு நாலு துளை மட்டும் என்றால் ஒன்றும் வாங்காமல் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிச்சம் பிடித்த காசில் நல்ல பிற் வாங்குங்கள். பெட்டியோடு வரும் நூறு துண்டுச் சாமான்களில் முக்கால்வாசி அழகுக்கு. தேவையானது கல்லுக்கு 6, 8 மில்லிமீற்றர். இரும்புக்கும் மரத்துக்கும் 3, 4, 5. ஸ்குறூவுக்குப் பிலிப்ஸ் 2ஆம் நம்பர் நாலைந்து. ஸ்குறூத் தலை அரைபடுவதற்கு மெசினைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் தேய்ந்த பிற், அல்லது 2 வர வேண்டிய இடத்தில் 1. குளியலறை ரைல்ஸுக்கு வேல் முனை போன்ற தனிப் பிற் உண்டு, சுத்தியலை நிறுத்தி, ரேப் ஒட்டி, மெதுவாக. சுவிச்சுக்கு நேர் மேலேயும் கீழேயும், தண்ணீர்க் குழாய் போகும் கோட்டிலும் துளை போடாதீர்கள். உப்புக் காற்று உள்ள கரையோர வீடுகளில் சக்கில் துரு பிடிக்கும், இடைக்கிடை மெசின் ஒயில் ஒரு சொட்டுப் போட்டுத் துடைத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிற டிறில்

பாதி வீடுகளில் டிறில் கடையிலிருந்து வருவதில்லை, சூட்கேசில் வருகிறது. மாமா கனடாவிலிருந்து, அக்கா லண்டனிலிருந்து. கேட்க முதல் இரண்டு விடயத்தைச் சொல்லிவிடுங்கள்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. டிறிலுக்கு அதில் பிரச்சினை இல்லை, அது பற்றறியில்தானே ஓடுகிறது. எரிவது சார்ஜர். சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 மட்டும் என்றால் இங்கே சொருகிய கையோடு புகைதான். டிவோல்ற் கம்பனியின் மெசின் என்றால் ஒரு வசதி: அங்கே 20 வோல்ற் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 என்று விற்பதும் ஒரே பற்றறி வரிசை, ஆகவே 230க்கு ஏற்ற 18 வோல்ற் சார்ஜரை எடுத்து அதைப் பாவிக்கலாம். லண்டன் சார்ஜர் இங்கத்தைய சதுர பின் பிளக்கில் அப்படியே ஏறும். பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி என்றால் அழுத்தம் சரி, பின் மட்டும் வேறு.

பற்றறியைப் பெரிய சூட்கேசில் போடக்கூடாது. டிறிலிலிருந்து கழற்றிய லிதியம் பற்றறி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை ரேப்பால் மூடி. ஒவ்வொன்றும் 100 வாற் மணித்தியாலத்துக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவைப்படாது. 18 வோல்ற் 5 ஏ.எச் கூட 90தான். மெசினின் உடல் நேர்மாறு, அது கைப்பையில் வராது, பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். லிடில் கடையின் பார்க்சைட் போல அங்கே மலிவாகக் கிடைப்பவற்றுக்கு இங்கே மாற்றுப் பற்றறி தேட வழியில்லை, ஆகவே வரும்போதே இரண்டு பற்றறியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது

பெட்டியைப் பிரித்து, பற்றறி போட்டு, ஒரு நீளமான பிற்றைப் பூட்டச் சொல்லுங்கள். விசையை மயிரிழை அளவு அழுத்தினால் பிற் ஆமை வேகத்தில் சுற்றத் தொடங்க வேண்டும்; எடுத்த எடுப்பிலேயே பறந்தால் ஸ்குறூ வேலைக்கு உதவாது. முழு வேகத்தில் பிற்றின் நுனியைப் பாருங்கள். ஒரே புள்ளியாகத் தெரிந்தால் நல்லது, வட்டம் போட்டால் சக் கோணல். விசையை விட்டதும் உடனே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கருகிய மணம் வரக்கூடாது. சக்கை இறுக்கி, பிற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மெசின் நிற்கும்போதுதான், சுற்றும்போது அல்ல.

சார்ஜரையும் சொருகச் சொல்லுங்கள். பற்றறி முழுதாக உட்காரும் சார்ஜர், போன் சார்ஜர் மாதிரி ஒரு மெல்லிய பின் மட்டும் வருவதைவிட நம்பத்தக்கது. பின் சார்ஜரில் ஏற நாலைந்து மணித்தியாலமும் ஆகும். பிறகு பில் எழுதும்போது உத்தரவாதம் மெசினுக்கு மட்டுமா, பற்றறிக்கும் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் வேறு வேறு காலம். பற்றறியின் மாதக்கணக்கைப் பில்லிலேயே எழுதி, கடை முத்திரை வைத்து வாங்குங்கள்.